இரண்டு அட்டைகள்

இரண்டாவது பெட்டிக்குப் பாதி விலை.
அதனால்தான் இரண்டு வாங்கினேன்.
வயிறு உப்புவது எனக்கு மட்டும்தான்.
தைஸ்தோவுக்குத் தூக்கமில்லை, முட்டிவலி,
நவம்பர் முழுக்க ஒரு முனகல்.
அதற்கும் ஏதோ ஒரு தானியம் காரணமாகலாம் என்று
பெட்டியின் முதுகில் எழுதியிருந்தது.

ஞாயிறு மதியம்
மீன் ஆய விரிப்பதுபோல
மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்தோம்.
ஈரத் துணித்துண்டு, ஊசிக்குமிழ்,
ஐந்து வட்டம் அச்சடித்த அட்டை.
விரல் குளிர்ந்திருந்தால் ரத்தம் வராது,
வெந்நீரில் கையை வையுங்கள் என்றது காகிதம்.
சன்னலுக்கு வெளியே ஏரி
ஓரத்திலிருந்து உறைந்துகொண்டு வந்தது.

தைஸ்தோ முப்பத்தோரு வருடம் மரம் அறுத்தவன்.
இடது கையில் ஒரு விரல் பாதிதான்.
அது போன அன்று
கையுறைக்குமேல் கயிறு சுற்றிக்கொண்டு
தானே வண்டி ஓட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவன்.
இந்தக் குண்டூசி முனையைப் பார்த்ததும்
முகம் மாவாய் வெளுத்து
விறகு எடுத்து வருகிறேன் என்று எழுந்தான்.
சவுனாப் பக்கம் விறகு அடுக்கும் சத்தம்.
பிறகு, அடுக்கியதையே அடுக்கும் சத்தம்.

என் இரண்டு ஊசியும் சரியாக இறங்கவில்லை.
அவனுடையதில் ஒன்றை எடுத்துக் குத்தினேன்.
வந்தது பார், குழாய் மாதிரி.
என் அட்டை நிறைந்தும் நிற்கவில்லை.
வீணாக்குவானேன் என்று
அவன் அட்டையை இழுத்து
அந்த ஐந்து வட்டத்தையும் நிரப்பினேன்.
பெயர், தைஸ்தோ ரவுத்தியாய்னென்.
வயது, அறுபத்து நான்கு. ஆண்.

திரும்பி வந்தவனிடம்
கண்ணை மூடு என்றேன்.
நகத்தால் நறுக்கென்று கிள்ளினேன்.
இவ்வளவுதானா என்றான்,
ஒட்டுத்துணியைத் தானே சுற்றிக்கொண்டு.

மூன்றாம் வாரம் இரண்டு உறைகள் வந்தன.
ஹில்க்காவுக்குப் பால் சிவப்பு, ரை பச்சை.
தைஸ்தோவுக்குப் பால் பச்சை, ரை சிவப்பு,
கூடவே அன்னாசி, கடும் சிவப்பு.
அன்னாசி இந்த வீட்டுக்குள் வந்தது
மகள் கல்யாணத்துக்கு ஒரே முறை.

ஒரே பானையில் எடுத்த இரண்டு சோறு,
ஒன்று அரிசி, ஒன்று கூழ்.
எந்தச் சோற்றைப் பதம் என்பது?

சிரிக்கத்தான் இருந்தேன்.
அதற்குள் அவன் எழுந்து
கறுப்பு ரை ரொட்டி இரண்டையும்
பக்கத்து வீட்டு உர்ஹோவிடம் கொடுத்துவிட்டு வந்தான்.
பிறந்து பல் முளைத்த நாள் முதல்
தின்ற ரொட்டி.
துக்க வீட்டுக்குப் போய்வந்தவன்போல
நெடுநேரம் காலணியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

ஜனவரியில் தூங்க ஆரம்பித்தான்.
விடியும்வரை குறட்டை.
முட்டியை மடக்கி நீட்டிக் காட்டினான்.
பனி தள்ளும்போது சீட்டியடித்தான்.
என் ரத்தம் சொன்ன பேச்சைக் கேட்டு
அவன் உடம்பு தேறுகிறது.
நான் பாலை விட்டுவிட்டேன்,
வயிறு அப்படியேதான் உப்புகிறது.

சுகாதார நிலையத்து நர்ஸ் காகிதத்தைப் புரட்டினாள்.
இது ஒவ்வாமையைக் காட்டாது,
நீ எதைத் தின்று பழகியவள் என்பதைத்தான்
பெரும்பாலும் காட்டும் என்றாள்.
அப்படியானால் அன்னாசி?
அவள் தோளைக் குலுக்கினாள்.
சர்க்கரைத் தண்ணீர் குடித்துப் பைக்குள் ஊதும்
வேறொரு சோதனைக்குத் தேதி போட்டாள்,
மார்ச் மாதம்.

இப்போதெல்லாம் ரையை
நூலகத்தின் பின்னால், காருக்குள் தின்கிறேன்,
கண்ணாடியில் மூச்சு படிய,
வெண்ணெய் கூடத் தடவாமல்.
போன வியாழன் வாசலில் நிறுத்தி
என் கோட்டுக் காலரில் இருந்த துணுக்கைத் தட்டிவிட்டான்.
எதுவும் கேட்கவில்லை.

அன்று இரவு சவுனாவில்
ஒன்பதரை விரலையும் விரித்து
அடுப்பு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
எந்த விரலில் குத்தினாய்?
ஒரு புள்ளிகூட இல்லையே.

நல்ல ஊசி என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு
கல்மேல் தண்ணீர் ஊற்றினான்.