தேறுமா

தவளக்குப்பத்தில் தணிகாசலம் வீட்டு மொட்டைமாடி.
அமலதாஸ் மஞ்சள் பையிலிருந்து எடுத்து வைத்தான்:
முழு பாட்டில்,
சிவப்புக் கோட்டு போட்ட ஒரு செம்மறிக்கடா,
அதன் காலடியில் பொன்னெழுத்தில்
வாயில் நுழையாத ஸ்காட்லாந்து ஊர்.
ஆயிரத்து நூற்றெண்பது ரூபாய்.
"தேறுமா, பாரு" என்று
என் பக்கம் நகர்த்தினான்.

சிப்காட்டில் பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு.
பிப்பெட் பிடித்தவனுக்கு
விஸ்கியும் பிடிபடும் என்று இவர்களுக்கு ஒரு கணக்கு.
பதினாறு வருஷமாகக் கரைப்பான்களின் மேல் குனிந்த மூக்கு.
வீட்டில் கேஸ் கசிந்தால்
செண்பகவல்லி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
முதல் மழையின் மண்வாசனையை
அடுத்தவர் சொல்லக் கேட்டு நம்புகிறவன்.
இதை அமலதாஸிடம் சொன்னதில்லை.

கண்ணாடித் தம்ளர் இரண்டுதான்.
தணிகாசலம் எவர்சில்வரில் வாங்கிக்கொண்டான்.
நிறம் தெரியாதே என்றேன்.
நிறத்தின் சாட்சியம் எந்தக் கோர்ட்டிலும் செல்லாது,
அதுவும் எனக்குத் தெரியும்:
கருக்கிய சர்க்கரை ஒரு சொட்டு விட்டால்
மூன்று வயதுப் பிள்ளை
மீசை ஒட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

முதல் வாய், தண்ணீர் தொடாமல்.
மேலண்ணத்தில் தீக்குச்சி கிழித்தது.
தேன் என்று சொல்ல ஆசை.
நனைந்த அட்டைப்பெட்டி என்பதுதான் நிஜம்.
அதற்கும் பின்னால், வெகு தூரத்தில்
யாரோ சருகு கொளுத்துகிற புகை.
அல்லது பக்கத்து மனையில்
நிஜமாகவே கொளுத்தினார்களோ என்னவோ.

இரண்டாவதில் கேன் தண்ணீர்.
புகை போயே போச்சு.

வருகிற வழியில் அரியாங்குப்பத்துப் பாலம்.
அந்த ஆற்றோர மண்ணுக்குள்
யவனர் சாடிகளின் கூரிய அடிகள் உடைந்து கிடந்தன.
எல்லாம் ராஜா வீட்டுக்கா வந்திருக்கும்?
கப்பலின் அடித்தட்டில் உருண்டு
பாதி புளித்து வந்த மலிவுச் சரக்கும் இருந்திருக்கும்.
ஒரு கணக்கன் விரலை நனைத்து நக்கியிருப்பான்.
மூட்டை இறக்கியவன் தோளைத் தேய்த்தபடி
இதே சொல்லைக் கேட்டிருப்பான்.
தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று பேர் வைத்த பாஷை.
பரீட்சையில் தேறுவதும் காய்ச்சலில் தேறுவதும்
பானைக்குள் கள் தேறுவதும் ஒரே காரியம்:
கசடு அடியில் உட்காரும்வரை
ஆடாமல் இருப்பது.

"என்னடா, வாயைத் தெறக்க மாட்டேங்கற?"
நெத்திலியை மென்றபடி அமலதாஸ்.
வழக்கமான பிராந்தி இதே காசுக்கு மூணு வரும்,
கடைக்காரனே சொன்னானாம்.
மில் பாக்கி இப்பத்தான் வந்தது,
பாதி அடைக்கப் போயிடுச்சு,
மீதியில் ஒரு தடவையாவது
ஸ்காட்ச்னு எழுதினதைக் குடிக்கணும்னு
இறக்கியதாகச் சொன்னான்.
சொல்லும்போது பாட்டிலைப் பார்த்தான்,
என்னைப் பார்க்கவில்லை.

தேறும் என்றேன்.
சோடா வேணாம், ஐஸ் ரெண்டே ரெண்டு,
தண்ணியைக் கொஞ்சமாக் காட்டு.
ஆய்வறிக்கைக்குக் கையெழுத்துப் போடுகிற குரலில் சொன்னேன்.
அவன் மூடியை மெதுவாகத் திருகி
மீதியை மஞ்சள் பைக்குள் படுக்க வைத்தான்.

குடிக்காத செங்கேணி வண்டி ஓட்ட
பின்னால் நான்.
முள்ளோடையில் மறித்தார்கள்.
செங்கேணியை ஊதச் சொன்ன கான்ஸ்டபிள்
என்னிடமும் குனிந்தார்.
"என்ன சரக்கு?"
"ஸ்காட்ச் சார்."
இன்னொரு தடவை மோந்தார்.
"அப்படித் தெரியலையே" என்று
கையை ஆட்டிப் போகவிட்டார்.

பெண்ணையாற்றுப் பாலத்தில் தெற்குக் காற்று.
"உன் கம்பெனி நாத்தம்டா" என்று
செங்கேணி ஒரு கையால் மூக்கைப் பொத்தினான்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை,
தொண்டைக்கு மேலே எங்கோ
இன்னும் அணையாத சருகைத் தவிர.