இரண்டு செக்கன்

தும்முல்லைச் சந்தியில் மழை.
செயலமர்வு அறையில் ஏசிக் குளிர், ஆறிய பற்றிஸ்.
திரையில் நான்:
பத்தொன்பது வருடமாய்ப் புள்ளிவிபரவியல் கற்பிப்பவன்
முதுகைக் காட்டிப் பலகையோடு பேசுகிறேன்.

"விளங்கிச்சா?" என்கிறேன்.
"சரி, அடுத்தது."

இடையில் எவ்வளவு என்று
கைபேசியில் நேரம் பிடித்தவள் பஸ்மிலா, விலங்கியல்.
நான் வேலைக்கு வந்த வருடம்
ஏழாம் வகுப்பில் இருந்திருப்பாள்.
"இரண்டு செக்கன், சேர்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

திங்கட்கிழமை
கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.
மின்விசிறி. தேர்ஸ்டன் வீதியில் ஒரு ஹோர்ன்.
எட்டு, ஒன்பது…
சோக்கட்டி விரலில் ஈரமாகிறது.

கடைசி வாங்கில் ஒரு கை,
பாதிதான் உயர்ந்தது:
"சேர், முதல் கிழமை சராசரி எண்டு சொன்னீங்களே,
அதிலயிருந்தே விளங்கேல்ல."

இது பதினோராம் கிழமை.