ப்ளஸ் டூ

முஹரக் விமான நிலையத்தின் கதவு விலகியதும்
என் கண்ணாடி வெளுத்துப்போனது.
ஆகஸ்ட். இரவு பதினொன்றே முக்கால்.
கடலே ஆவியாகி வந்து முகத்தில் அப்பிக்கொண்டது.
தள்ளுவண்டியோடு அப்படியே நின்றேன்.
"யல்லா, யல்லா" என்றது பின்னால் ஒரு குரல்.

கொல்லிமலையில் மூடுபனி பள்ளத்திலிருந்து ஏறி வரும்.
ஒவ்வொரு மரமாக விழுங்கிக்கொண்டு வருவதை
மிளகுக் கொடியோரம் நின்று பார்க்கலாம்.
இங்கே அது நேராக என் மூக்கின்மேல் பிறக்கிறது.

குதைபியா, மூன்றாவது மாடி, நான்கு கட்டில்.
என் கட்டிலில் காயப்போட்டிருந்த லுங்கியைத்
தாசையா அண்ணன் அவசரமாக எடுத்தார்.
"வீடு சேர்ந்தாச்சா?" என்று மெர்லின் கேட்டிருந்தாள்.
"சேர்ந்தாச்சு" என்று அனுப்பினேன்.
இரண்டு நீலக் குறிகள். அவ்வளவுதான்.

விடுப்பு இருபத்தெட்டு நாள்.
மலைக்கு இருபத்திரண்டு, அவளுக்கு ஆறு.
கிளம்பும் காலையில் பெட்டியை முழங்காலால் அழுத்தி
ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாள்:
"மலையில இருக்கவங்களுக்கு மட்டுந்தான் கண்ணு தெரியலியோ."
ஜிப் பாதியில் சிக்கியது.
அதைச் சரிசெய்வதில் நான் மும்முரமானேன்.

வெள்ளிக்கிழமை.
முந்தைய சபை எழுந்துபோன சூடு
நாற்காலியில் ஆறுமுன் எங்கள் முறை.
"ஊழியத்துக்குப் போய்வந்த பிரதர் சாட்சி சொல்லுவார், மூணு நிமிஷம்."
திரையில் படங்கள்:
நாங்கள் வண்ணம் பூசிய பள்ளிச் சுவர்,
சேற்றில் இறங்கிய ஜீப்,
குடைக்கடியில் பெயர் எழுதும் சகோதரி ஜாய்ஸ்லின்.
பாஸ்டர் கேட்டார்: "மொத்தம் எத்தனை பேர்?"
நூற்றுப் பன்னிரண்டு என்றேன்.
அல்லேலூயா எழும்பியது.
"கண்ணாடி," என்றேன். "நூற்றுப் பன்னிரண்டு கண்ணாடி."
அல்லேலூயா பாதியில் உட்கார்ந்தது.

பிறகு வெள்ளச்சியைச் சொன்னேன்.
ப்ளஸ் டூ போதும் என்றதற்கு
"அம்புட்டுப் படிப்பு எனக்கெதுக்கு" என்று சிரித்தவள்.
மாட்டிவிட்டு, தெரிகிறதா என்று
சுவிசேஷப் பிரதியை நீட்டினேன்.
அவள் அதைத் தொடவில்லை.
பக்கத்தில் நின்ற மகளை இழுத்து மடியில் கவிழ்த்து
முடியைப் பிரித்தாள்.
"அடிப் பாவி, இத்தினி பேனா!"
அரை மணி நேரம் எடுத்தாள்.
வரிசை காத்திருந்தது.
பதினோரு ஊழியக்காரரும்
வாய் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சபை சிரித்தது. நேரம் முடிந்தது.
சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.
மூன்றாம் வாரம் எனக்குக் காய்ச்சல்.
வெள்ளச்சிதான் சாமைக் கஞ்சி கொண்டுவந்தாள்.
"ஊட்டுல யாரு இருக்கா உனக்கு?"
நான் பதிலுக்கு ஒரு வசனம் சொன்னேன்.

செருப்புத் தேடும் நேரத்தில் ஞானசுந்தரி அக்கா வந்தார்.
ரிஃபாவில் ஒரு வீட்டில் சமையல்;
மாதம் ஒரு வெள்ளிதான் வெளியே.
"மலைக்குக் கொண்டுபோனதுல மிச்சம் இருக்கா, தம்பி?"
பையில் ஒன்று கிடந்தது. ப்ளஸ் ஒன்.
மாட்டிக்கொண்டு பாட்டுப் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தார்,
இன்னும் தள்ளி.
எழுத்து தெளியுமுன் கை முடிந்துவிட்டது.
"பரவாயில்ல, இதுவே போதும்."
போதாது அக்கா, என்றேன்.
கடை எங்கே என்று கேட்கவில்லை, அவரால் வர முடியாது.
வெளியே வண்டி ஹார்ன் அடித்தது.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்: இரண்டரை.

நடந்தே வந்தேன்.
கண்ணாடி மறுபடி வெளுத்தது.
துடைக்க இடக்கையை விரித்தபோது
வியர்வையில் எண் கரையத் தொடங்கியிருந்தது.
நிழல் தேடி நின்று அழைத்தேன்.
"என்ன இந்நேரத்துல?" என்றாள் மெர்லின்.

"ஊசி கோர்க்க முடியுதா உனக்கு?"

லைன் அறுந்துவிட்டதோ என்று
திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ரெண்டு வருஷமா முடியல" என்றாள்.