மூன்று விரல் தடிமன்

பதினோரு வருடத்தை அடுக்கி வைத்தால்
மூன்று விரல் தடிமன்.
எசெக்கியேல்தான் அளந்து பார்த்தான்,
நேற்றிரவு, பல்லிடுக்கில் ரப்பர்பேண்டோடு.
"இவ்வளவுதானா?"
முந்நூற்று எண்பது நூறு டாலர் நோட்டுகள்.
இவ்வளவுதான்.

ரொசாரியோவில் சம்பளம் பெசோவில் வரும்,
வீட்டின் விலை டாலரில் இருக்கும்.
இரண்டுக்கும் நடுவே ஒரு செருப்புக்கடை.
அதன் பின்அறைக்கு ஊரில் குகை என்று பெயர்.
சம்பளம் வந்த அன்றே
அங்கே போய் மாற்றிவிட வேண்டும்.
ஃப்ரிட்ஜ் மெக்கானிக், அவன் பாஷையில் சொல்வான்:
"பெசோ ஐஸ்கட்டி, யமீலா.
கையில் வைத்துக்கொண்டு யோசித்தால்
முழங்கை வழியாக ஒழுகிவிடும்."

அதனால் நான் யோசிப்பதை விட்டேன்.
வேலை செய்யும் பேக்கரியில் மிஞ்சிய
உடைந்த பிறைரொட்டிகளே இரவுச் சாப்பாடு,
சில மாதங்களில்.
வாயைக் கட்டினோம், வயிற்றைக் கட்டினோம்.
தங்கை கல்யாணத்துக்குக் கோர்தொபா போகாமல்
காலையும் கட்டினோம்.
அவள் இன்னும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை.
அன்று போகாமல் மிச்சமான காசு
எந்த நோட்டாக மாறியது என்று எனக்குத் தெரியும்.
அதன் மூலையில் பேனாவால்
ஒரு புள்ளி வைத்திருந்தேன்.
ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள்.

வங்கியை இங்கே யாரும் நம்புவதில்லை.
பட்டறையில் செத்துக்கிடந்த ஒரு பழைய ஃப்ரிட்ஜின்
மோட்டார் கூட்டுக்குள் இருந்தது எங்கள் வீடு.
ஒருமுறை யாரோ அதை விலைக்குக் கேட்டார்கள்.
இருமடங்கு தருகிறேன் என்றார்கள்.
"பாசம் வைத்துவிட்டேன்" என்றானாம் எசெக்கியேல்.
அன்று முழுக்கச் சிரித்தோம்.

இன்று காலை டாக்சி.
எங்கள் பணத்தில் நாங்கள் ஏறிய முதல் டாக்சி.
மாத்தே பையில், தெர்மாசுக்கு அடியில் கட்டு.
சிவப்பு விளக்கில் நின்றபோதெல்லாம்
பக்கத்துப் பைக்காரன் முகத்தைப் பார்த்தேன்.

பத்திர அலுவலகத்தில் அந்த இயந்திரம்
பதினோரு வருடத்தை
அரை நிமிடத்தில் எண்ணி முடித்தது.
எண்ணிக்கை சரி என்றது.
விற்பவர், பல் மருத்துவர் பசுவால்தோ,
அதை நம்பவில்லை.
சொத்தைப் பல் தேடுகிறவர் மாதிரி
ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
"இதில் தலை சின்னதாக இருக்கிறது."
பழைய நோட்டில் அந்த வழுக்கைக்காரர்
சின்னதாகத்தான் இருப்பார்.
"இது கறை."
கம்ப்ரஸர் எண்ணெய்.
"இதில் ஏதோ பேனாப் புள்ளி."

ஏழு நோட்டுகள் எங்கள் பக்கம் திரும்பி வந்தன.
பத்திரம் எழுதும் அம்மாள்
ஜன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்த்தார்.
எசெக்கியேலின் காது மடல் சிவந்தது.
நான் அவன் காலை மிதித்தேன்.
கடைசியில் பசுவால்தோ சொன்னார்:
"எழுநூறு குறைகிறது. சரி.
வெந்நீர் கொதிகலன், அடுப்பு, மின்விசிறிகள்,
எல்லாவற்றையும் கழற்றிக்கொள்கிறேன்."

பல்புகளையும் கழற்றுவார் என்று
நாங்கள் நினைக்கவில்லை.

சாயங்காலம் சாவி திருகிக் கதவைத் திறந்தால்
இரண்டு அறையும் இருட்டு.
எசெக்கியேல் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டினான்,
ஒன்றாவது கேட்டுவிடும் என்பதுபோல.
பிறகு கீழே போய்
தள்ளுவண்டியில் கொண்டுவந்த ஃப்ரிட்ஜை
மூன்று மாடி ஏற்றினான்.
அதே ஃப்ரிட்ஜ். மோட்டார் மாற்றியிருக்கிறான்.
சொருகினான். கொஞ்சம் இருமியது. ஓடியது.
கதவைத் திறந்ததும்
உள்ளேயிருந்த சின்ன பல்பு
சுவர்வரை வந்தது.

அந்த வெளிச்சத்தில் தரையில் உட்கார்ந்து
பிறைரொட்டி தின்றோம். இன்று முழுசு.
குகைக்காரன் ஆறு நோட்டை வாங்கிக்கொள்வான்,
பத்து சதவீதம் கழித்துக்கொண்டு.
ஏழாவதைப் பற்றி அவன் கேட்கவில்லை.
கோர்தொபாவுக்கு இரவுப் பேருந்து
எத்தனை மணிக்கு என்றுமட்டும் கேட்டான்.

ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தபடி விட்டால்
பதினோரு வருடமும் கத்துகிறவன்,
குளிர் வீணாகிறதே என்று,
இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.