குத்து வராத கபாலக்குத்து

முதலில் தராசின் எட்டு
மூன்றாகிறது.
பிறகு மூன்றும் இல்லை.
எண் இருந்த இடத்தில் இருட்டுக்கூட இல்லை.
இருட்டென்றால் அதையாவது பார்க்கலாம்.

புதன்கிழமை, பத்தரை மணி,
அடைவுப் பகுதி, ஒன்பதாம் இலக்கத் துண்டு.
மேசைக்கு அந்தப் பக்கம்
பாஷையூர் மரிய றெஜினா
ஒரு சங்கிலி, இரண்டு காப்பு, ஒரு சோடித் தோடு
பேப்பருக்குள்ளிருந்து பிரித்து வைத்திருக்கிறா.
அவவின் வலக்கண், வலக்காது,
அந்தப் பக்கத்து நெற்றி
எனக்கு இல்லாமற்போயிற்று.
மிச்ச முகம் எஞ்சின் பழுதைப் பற்றிக் கதைக்கிறது.

இனி அது வரும்.
வந்தது: ஓரத்தில் ஒரு வாள்பல்,
நெளிதகரத்தில் மத்தியான வெயில் விழுந்து
தகரமே துடிப்பதுபோல்.
கண்ணை மூடினாலும் உள்ளே எரியும்.
லாச்சிக் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன்,
இது பதினோராவது.

முதல் தடவை ஆரியகுளம் சந்தியில்.
வந்த பஸ்ஸில் பாதிதான் வந்தது.
சைக்கிளை விட்டிறங்கிக்
கம்பத்தைப் பிடித்தபடி எண்ணத் தொடங்கினேன்.
வெளிச்சம் முதலில், சத்தம் பிறகு,
அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம்.
பங்கருக்குள் அண்ணா விரல்விட்டு எண்ணுவான்,
ஒண்டு, ரெண்டு, மூண்டு,
எத்தனையில் விழுகுதோ அவ்வளவு தூரம்.
அன்று சந்தியில் முந்நூறுவரை எண்ணினேன்.
தலை இடிக்கவில்லை.
எதுவும் விழவில்லை.
அதுதான் கூடப் பயம்.

'தலையிடிச்சதோ?' என்றார் டொக்டர்.
இல்லை.
'பிறகாவது?'
இல்லை.
'கண்டதைக் கீறிக் காட்டுங்கோ.'
கீறினேன், மூலை மூலையாய் மடிந்த ஒரு வளைவு,
நடுவில் ஒன்றுமில்லாத வெள்ளை.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
'இது எங்கட கோட்டை மதிலெல்லோ' என்று சிரித்தார்.
கபாலக்குத்துத்தானாம்.
குத்து மட்டும் வராதாம்.
கந்தோரில் இதை எப்படிச் சொல்வது?
நோகாத வருத்தத்துக்கு
லீவுப் பத்திரத்தில் இடமில்லை.

தராசிலிருந்து கையை எடுக்கிறேன்.
'கொஞ்சம் பொறுங்கோ.'

'ஏன் பிள்ளை, நகை சரியில்லையோ?'
அப்படியில்லை.
'உரசிப் பாருங்கோ. நான் தடுக்கேல்லை.
போன முறையும் நீங்கள்தான் நிறுத்தனீங்கள்.
வட்டி ஒருநாளும் பிந்தினதில்லை.
வேணுமெண்டால் கொப்பியைப் பாருங்கோ.'
பாதி வாய் கெஞ்சுகிறது.
மற்றப் பாதி எங்கே நின்று கெஞ்சுகிறதோ.

சொல்லிவிட்டேன்:
'நகையில்லை அக்கா, என்ர கண்.
உங்கட ஒரு பக்கம் எனக்குத் தெரியேல்லை.'

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தா.
பிறகு, நிலத்தில் கிறீச்சிட
கதிரையோடு ஒரு முழம் நகர்ந்து,
'இப்ப?' என்றா.

அந்தத் துளை என் கண்ணோடு வரும்,
கதிரை நகர்ந்தால் நகராது.
அதை நான் சொல்லவில்லை.
'இப்ப கொஞ்சம் தெரியுது.'
இன்னும் ஒரு முழம் நகர்ந்தா.
பத்தாம் இலக்கத்துண்டுக்காரர்
தொண்டையைச் செருமினார்.
நாங்கள் இருவரும் திரும்பவில்லை.

வாள்பல் அகன்று அகன்று
சுவர் மணிக்கூட்டையும் தாண்டி
விளிம்பால் வெளியேறியது.
பத்து ஐம்பத்திரண்டு.
பழக்கத்தில் எண்ணினேன்.
ஒண்டு, ரெண்டு, மூண்டு.
மின்விசிறி மட்டும்.

சங்கிலி பதினெட்டு கிராம். எட்டுத்தான்.
இரண்டு தரம் நிறுத்து எழுதினேன்.
கையொப்பத்துக்காகக் குனிந்தவவின் வலக்காதில்,
தோடு கழற்றிய துளை தூர்ந்துவிடாமல்
ஒரு ஈர்க்குத் துண்டு.