வரி 4081

கீரணத்தம். நாலாவது மாடி. மணி இரண்டே கால்.
ரேக்கில் பன்னிரண்டு போர்டு.
ஒவ்வொன்றையும் எழுப்பி, சோதித்து, கரண்டை நிறுத்தி,
மறுபடி எழுப்புகிறது ஸ்கிரிப்ட்.
அதற்குச் சலிப்பு கிடையாது. எனக்கு உண்டு.

எழும்போதெல்லாம் கெர்னல் பேசும்:
நினைவகம் இவ்வளவு, கடிகாரம் சரி, டிஸ்க் கிடைத்தது.
நொடியை ஆறு தசமம் வரை பிளந்து கணக்கு ஒப்பிக்கும்.
யாரும் ம் கொட்டுவதில்லை.
பச்சையில் ‘தேறியது’ வந்துவிட்டால் மற்றதெல்லாம் பழசு.
வட்டமாய் ஓடும் பஃபரில்
பழசு எழுந்த இடத்தில் புதுசு உட்காரும்,
காந்திபுரத்தில் ஒண்டிப்புதூர் பஸ் நின்றதும்
ஜன்னலோரம் ஆள் மாறுகிற மாதிரி.

ஏழாம் போர்டு மட்டும்
முன்னூறு தடவைக்கு ஒரு தடவை
பேச்சின் நடுவே நின்றுபோகும்.
வரி 4081. ‘டிஸ்க் பதில் தாமத’
அவ்வளவுதான்.

கரும்புக்கடையிலிருந்து போனில் இத்ரீஸ்:
“அதுக்கு மேல ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்க.”
போட்டேன்.
ஆயிரத்து இருநூறு தடவை எழுந்தது. விழவே இல்லை.
எடுத்தேன். விழுந்தது.
ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போதே
இறங்கிவிடும் காய்ச்சலின் குசும்பு.

கரண்டை நிறுத்தாமல் எழுப்பினால்
நினைவகத்தின் ஓர் ஓரம் அழியாமல் கிடக்கும்.
அந்த ஓரத்தை ஒதுக்கிக் கொடுத்தேன்:
நின்றுபோகிற நேரத்தில் இங்கே எழுதிவை.
சத்தி ரோட்டில் வாழைத்தார் லாரி ஒன்று கியர் மாற்றியது.
பாலக்காட்டுக் காற்று கண்ணாடியைத் தள்ளிப் பார்த்தது.

நாலு பத்துக்கு விழுந்தது.
எழுந்தது.
ஓரத்தைப் படித்தேன்.

கன்சோலுக்கு ஒரே பூட்டு.
அதைக் கையில் பிடித்துக்கொண்டு
வரியை எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.
நடுவில் டைமர் கூப்பிட்டிருக்கிறது.
டைமருக்குள்ளும் சொல்ல ஒரு வரி.
அதற்கும் அதே பூட்டு.
தன் கையிலேயே இருப்பதை யாரோ தருவார்கள் என்று
நின்றுகொண்டே இருந்திருக்கிறது.

டைமருக்குள் அந்த வரியை வைத்தது யார்?
பழைய மாற்றங்களில் தேடினேன்.
ஏப்ரல் பதினொன்று, மாலை ஆறு நாற்பது.
குறிப்பு: ‘கோளாறு கண்டுபிடிக்க உதவியாக ஒரு வரி.’
பெயர்: ப. வான்மதி.

திரும்பிப் பார்த்தேன். செக்யூரிட்டி தூக்கத்தில்.
கழுத்திலிருந்த ஐடி கார்டைப்
பெயர் உள்பக்கம் போகும்படி திருப்பிவிட்டு
வரியை அழித்தேன்.

ஏழாம் போர்டு எழுந்தது.
‘டிஸ்க் பதில் தாமதம்’ என்றது.

ம், என்றேன்.