அரைப் பேர்

கடிதம் பத்து மணிக்கு வரச் சொல்கிறது.
பத்து மணிக்கு நான் ஏழாம் நம்பர் மலையில்
இடுப்பளவு செடிக்குள், மூடுபனிக்குள் நிற்பேன்.
அதிபர் ஐயாவுக்கு அது தெரியாது,
அல்லது தெரிந்தும் எழுத வேறு மணி இல்லை.

கங்காணி தலையைச் சொறிந்தார்.
"போனா அரைப் பேர்தான், பாத்துக்க."
சரி, இன்றைக்கு நான் பாதிச் சவரியம்மா.
படங்கை அவிழ்த்துச் செடிமேல் போட்டேன்,
அட்டைக்குச் சவுக்காரம் தடவிய காலோடு
குறுக்குப்பாதையில் இறங்கினேன்.

தரம் ஏழு 'ஆ'.
பிள்ளைகளின் வாங்கில் உட்கார்ந்தால்
முழங்கால் மேசையில் இடிக்கிறது.
மேசையில் கவராயத்தால் கீறியிருந்தது: டில்ருக்ஷி.
வீட்டுக்கு வரட்டும், இருக்கிறது அவளுக்கு.

நாற்பத்தொரு பிள்ளைக்கு ஒன்பது பேர் வந்திருந்தோம்.
எட்டு அம்மா.
ஒரு அப்பா, கொழும்புக் கடையிலிருந்து லீவில் வந்த செபமாலை;
அவரும் உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெற்றோருக்கு அக்கறை போதாது என்றார் அதிபர்,
வராதவர்களுக்குச் சொல்ல வேண்டியதை
வந்தவர்களிடம்.
மதிலுக்கு ஆளுக்கு ஐந்நூறு. சனிக்கிழமை சிரமதானம்.
"ஏதாவது கேள்வி?"
கோப்பை மூடிக்கொண்டே கேட்டார்.

கேள்வி எங்களுக்குப் பழக்கமில்லை.
பிரட்டில் கேட்பது ஒன்றே ஒன்று, இன்றைக்கு எந்த மலை.
ஆனால் தராசு தெரியும்.
சாக்குக்கு இரண்டு கிலோ கழிப்பார்கள்,
ஈரத்துக்கு ஒன்று.
வெயில் காய்ந்த ஒரு நாளும் ஈரத்துக்குக் கழித்தபோது
கூடையை இறக்காமல் நின்றோம், இருட்டும் வரை,
முதுகு விண்விண்ணென்று தெறிக்க.

என் பையில் மகளுடைய கணக்குக் கொப்பி.
பெப்ரவரி பதினொன்றோடு சிவப்பு மை நின்றுவிட்டது.
அதற்குப் பிறகு வெறும் தாள்.
ஒரு பக்கத்தில் ஆனை. ஒரு பக்கத்தில்
தும்பிக்கை இல்லாத இன்னொரு ஆனை.
இது ஜூலை.

எழுந்தேன். பின்னால் வாங்கு சாய்ந்து விழுந்தது.
"கணக்கு டீச்சர் எங்கே ஐயா?"

மாற்றலாகிப் போனாராம்.
வலயக் கந்தோருக்கு எழுதியாயிற்றாம்.
"எப்ப எழுதினீங்க?" வாசல் பக்கமிருந்து செபமாலை.
"பதில் வந்துச்சா?" பஞ்சவர்ணம்,
லயத்தில் கோழி விரட்ட மட்டும் வாய் திறக்கிறவள்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கெட்ட மனுஷர் இல்லை.
மூன்று பாடம் அவரே எடுக்கிறார் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
"நான் கேட்டா அது வெறும் கடிதம்" என்றார் மெதுவாக,
"நீங்க கேளுங்க."

நாங்கள் சொல்லச் சொல்ல
நிலோஜா டீச்சர் எழுதினார்.
மூன்று தரம் கிழித்தார், நாலாவது தரம் சரியாக வந்தது.
கீழே பெயர் எழுதச் சொன்னார்கள்.

செக்ரோலில் நான் இருநூற்றுப் பதினாறு.
விரலில் கொழுந்துக் கறை, பேனா வழுக்குகிறது.
சவரியம்மா.
முழுசாக. 'ரி' மட்டும் கொஞ்சம் சாய்ந்து.
அடுத்த கூட்டத்தை
நாலரைக்கு வையுங்கள் என்றேன், தராசு முடிந்த பிறகு.
அதையும் எழுதிக்கொண்டார்கள்.

பின்னேரம் அடுப்படியில் டில்ருக்ஷி கேட்டாள்:
"அம்மா, ஸ்கூல்ல நீ சண்டை போட்டியாம்?"
"இல்லடி. கணக்குக் கேட்டேன்."
அவள் கொப்பியை எடுத்து
இரண்டாவது ஆனைக்குத் தும்பிக்கை வரைந்தாள்,
பக்கத்தில் அன்றைய திகதியைப் போட்டாள்.

டீச்சர் இன்னும் வரவில்லை.
மேசையில் பேர் கீறியதற்கு
அடிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்,
மறந்துவிட்டேன்.